பட்டாளத்து மாமா



எங்கள் தெருவுக்கே அவர் பட்டாளத்து மாமா. 1971 போரின்போது ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் லாரி ரிப்பேர் பார்த்தவர். ஊர் திரும்பியதும் புளியமரத்தடியில் ஒர்க் ஷாப் போட்டார்.

டீசல் என்ஜின் கிளம்பவில்லையா? "முதல்ல லைன்ல காத்து இருக்கான்னு பாருடா. அப்புறமா பம்பைக் குத்தம் சொல்லு" என்பார். ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை அடிக்கச் சொல்வார்.

கைநாட்டு வைக்கிற என் அப்பாவோடு அட்மிஷனுக்கு வந்தவர் அவர்தான். முதல் ஃபீஸ் அவருடைய பென்ஷன் பணம். "யாருடா அது, கையெல்லாம் கிரீஸா?" என்று ஒருவன் கேட்டான். "தெரிஞ்சவர்" என்றேன். அவர் காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

மாசியில் மாமா போய்விட்டார். அடுத்த மாதம் பிராக்டிகலில் என்ஜின் கிளம்ப மறுத்தது. காற்றை எடுத்தேன். ஓடியது. "யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றார் சார்.

"எங்க மாமா, சார்" என்றேன்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்