பெய்யாத வருஷத்துக்கான விதைப்பு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் மானூரைத் தாண்டியதும், தாமிரபரணிக் கால்வாய்களின் பசுமை முற்றிலும் பின்தங்கிவிட, வானத்தை மட்டுமே நம்பியிருக்கும் புஞ்சைகள் இருபுறமும் விரிகின்றன. அப்பிரதேசத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தையே ஜீவனத்துக்கு ஆதாரமாகக் கொண்ட ஒரு சம்சாரிக் குடும்பத்தைக் காணும் பொருட்டுக் கார்த்திகை மாதத்தில் அங்கே சென்றிருந்தேன். நெல்லுக்குப் பேர்போன நதி தாமிரபரணி. ஆயினும், 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ அந்நதிக்கரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது, ஈமத் தாழிகளோடு கிடைத்த கலங்களில் நெல் உமியுடன் சிறுதானிய உமியையும் கண்டார் என்பதை நினைத்தால், இந்தப் புஞ்சைத் தானியங்கள் இங்கு எவ்வளவு பழமையான உரிமை கொண்டவை என்பது விளங்கும்.

அக்குடும்பத்துப் பெரியவர் என்னைப் புஞ்சையின் நடுவே அழைத்துச் சென்றார். நான்கு சால் சோளம், அதையடுத்து இரண்டு சால் உளுந்து, மீண்டும் சோளம், இடையிடையே துவரை என்று புரட்டாசிக் கடைசியில் விதைத்தவை, ஒன்றை ஒன்று நெருக்காமல் நின்றன. இந்த ஒழுங்கு கண்ணுக்கு அழகாயிருப்பதற்காக ஏற்பட்டதன்று. உளுந்து எழுபது நாளுக்குள் மார்கழியிலேயே வெளியேறிவிடும்; சோளம் நூறு நாளைக் கடந்து தையில் கதிர் கொடுக்கும்; துவரையோ அதற்குப் பின்னும் பனியைக் குடித்துக்கொண்டு பங்குனிவரை நிற்கும். சோளத்தின் சல்லிவேர் மேல்மண்ணில் பரவ, துவரையின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகிறது. தரையை மூடிப் படரும் உளுந்து வெயில் மண்ணில் படாமல் தடுப்பதோடு, களையையும் அடக்குகிறது. ஒரே மழையை மூன்று பயிர்களுக்கு, மூன்று காலங்களில், மூன்று ஆழங்களில் பங்கிட்டுக் கொடுக்கும் இந்தச் சாமர்த்தியத்தை எந்தக் கைத்தொழிலுக்கும் குறைந்ததாக நான் மதிக்கவில்லை.

அவர் மனைவியார் களைக்கொட்டை வைத்துவிட்டு, பூத்து நின்ற ஓர் உளுந்தஞ்செடியை மண்ணோடு கெல்லியெடுத்தார். வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார், உள்ளே இளஞ்சிவப்பு.

“இப்படிச் செவந்திருந்தா வேல செய்யுதுன்னு அர்த்தம், தம்பி. வெள்ளையா இருந்தா சும்மா கெடக்குன்னு அர்த்தம்.”

ஆறிய கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்ததாக அவர் சொன்னார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக மாற்றுவது அந்த நுண்ணுயிரே.

இவ்விடத்தில் பலருக்கும் உள்ள ஓர் எண்ணத்தைத் திருத்த விரும்புகிறேன். உளுந்து பக்கத்துச் சாலிலுள்ள சோளத்துக்கு அப்போதைக்கப்போதே உரமூட்டுகிறது என்று சொல்வதுண்டு. உண்மையில், வளரும்போது அது தான் சேர்த்ததில் பெரும்பகுதியைத் தனக்கே செலவிட்டுக்கொள்கிறது. உதிர்ந்த இலையும், அறுத்தபின் மண்ணில் தங்கும் வேரும் மக்கிய பிறகே, அடுத்து வரும் பயிருக்கு அதன் பயன் கிட்டுகிறது. ஆகையால் ஊடுபயிரும் பயிர்ச் சுழற்சியும் இரண்டு யோசனைகள் அல்ல. பயறு நின்ற இடத்தில் அடுத்துத் தானியத்தை ஊன்றாதவர், பாதிப் பலனைப் புஞ்சையிலேயே விட்டுவிடுகிறார். பெரியவர் இதை நன்கறிந்திருந்தார். மூன்று ஏக்கரையும் மூன்று துண்டாக்கி, சோளம் நின்ற துண்டுக்கு அடுத்த வருஷம் பாசிப்பயறோ தட்டாம்பயறோ, அதற்கடுத்த வருஷம் குதிரைவாலி என்று கிரமமாகச் சுற்றி வருகிறார். சோளத்தையே விடாமல் விதைத்த நிலத்தில் அதன் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிப் பூண்டு பெருகும். தட்டாம்பயற்றின் வேர்க்கசிவோ அப்பூண்டின் விதையை முளைக்கத் தூண்டிவிட்டு, பற்றிக்கொள்ள இடந்தராமல் மடியச் செய்கிறது.

சுற்றுவட்டாரத்தில் பலர் மக்காச்சோளத்தை மட்டுமே விதைக்கத் தொடங்கியிருந்த சமயத்தில், 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து, தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளையும் அரித்தது. ஒரே பயிரை நம்பியவர்களுக்கு அவ்வருஷம் சேதம் கடுமை. அவர்களை நான் குறை கூறமாட்டேன். கையில் பணம் தரும் பயிரை நாடுவது கடன்பட்டவனுக்கு இயல்பே. ஆனாலும் பெரியவர் சொன்னதில் இருந்த நியாயம் என்னைத் தொட்டது:

“நல்லா பெய்ஞ்சா எது போட்டாலும் வெளையும், அண்ணாச்சி. பெய்யாத வருசத்துக்குல்லா கணக்குப் போடணும்! சோளம் கருகினாலும் தட்ட மாட்டுக்கு ஆவும், உளுந்து ஒரு மரக்காலாவது தேறும்.”

ஆற்றுப்பாசன நஞ்செய்களிலும் இதே தர்மம் வேறு வடிவில் உண்டு. பிசானப் பருவத்து நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். வயலின் எஞ்சிய ஈரமே அதை வளர்த்துவிடும். அறுவடை இயந்திரத்தின் சக்கரங்களில் அந்த இளஞ்செடிகள் நசுங்குவதுதான் இப்போதைய சங்கடம்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மையார் விதைகளைக் காட்டினார். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தியிருந்தார். குதிரைவாலி தனியே, காணம் என்னும் கொள்ளு தனியே இருந்தன. அந்தக் காணம் எந்தத் துண்டுக்கு என்று கேட்டேன்.

“அதுக்குன்னு துண்டு கெடையாது, தம்பி. ஐப்பசி முழுக்க மழை ஏமாத்தி, போட்ட வெத மொளைக்காமப் போச்சுன்னு வையுங்க, அந்தத் துண்டுல கார்த்திகையில இத வெதைப்போம். பிந்தி வெதைச்சாலும் வெளையுறது காணம் ஒண்ணுதான்.”