ஒரு ஜோடி உலர்ந்த துணி

மழையைப் பற்றிக் கவி பாடியவர்களில் பெரும்பாலோர் ஒழுகாத கூரையின்கீழ் அமர்ந்துதான் பாடியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கூடாரத்தில் நனைந்து படுத்தவனுக்குக் கவி வராது, தும்மல்தான் வரும்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணப் பிள்ளைகளைக் காலாண்டு விடுமுறையில் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று கூடாரம் அடிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் சேர்வராயன் மலையில் காலையில் வெயில் காயும். பிற்பகலில் இடி முழங்கி மழை கொட்டினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஆகையால் புறப்படுமுன் பெற்றோர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மழை வந்தால் என்ன செய்வீர்கள், சார்?"

"நனைவோம்" என்பதே என் பதில். சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். சிலருக்குக் கோபம் வரும். ஆனால், நனைவதில் ஆபத்து அதிகமில்லை. நனைந்தபடியே இரவைக் கழிப்பதில்தான் இருக்கிறது.

சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம் அதிகம். அந்த உயரத்துக்கு உஷ்ணம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். தண்ணீரோ, காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கவர்ந்து செல்லக்கூடியது. பருத்தித் துணி குடித்த நீரை எளிதில் விடாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும். உடம்பின் உஷ்ணம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கே ஆபத்து. அதற்குப் பனி பெய்ய வேண்டிய அவசியமில்லை. ஈரச் சட்டையும் காற்றும் போதும்.

எனவே எங்கள் முகாமில் சில சட்டங்கள் உண்டு. ஓடைக்கரையில் கூடாரம் அடிக்கலாகாது. நம் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதே, மலையின்மேல் எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். பெரிய மரத்தடியும் கூடாது. இடிக்கும் முறியும் கிளைக்கும் அது பிரியமான இடம். கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை அடைக்கக் கூடாது. அடைத்தால் நம் மூச்சே நீராகி நம்மேல் சொட்டும். தீப்பெட்டி மூடியுள்ள தகர டப்பாவில் இருக்க வேண்டும். மழைக்கோட்டு இல்லாதவன் கோணிச் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ஒரு ஜோடி துணியைக் கனமான பையில் கட்டி வைத்து, இரவு படுக்கும்போது மட்டும் அணிவது. விடிந்ததும் அதைக் கழற்றிக் கட்டிவிட்டு, நேற்றைய ஈரத் துணியையே மறுபடி உடுத்திக்கொள்ள வேண்டும். மலைக் காலைப்பொழுதில் ஈரச் சட்டைக்குள் கையை நுழைப்பது கொஞ்சம் மனத்திடம் வேண்டிய காரியந்தான்.

ஒரு வருஷம் மாலை நாலு மணிக்கே நல்ல மழை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், இப்போதே மாற்றிக்கொள்ளட்டுமா?" என்று கெஞ்சினான். "பொறு, தம்பி. விறகு கொண்டுவரும் வேலை பாக்கியிருக்கிறது" என்றேன். அவன் என்னைச் சத்துருவைப்போல் பார்த்துவிட்டுப் போனான்.

இரவு எட்டு மணிக்கு ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைக் கூடாரத்திலிருந்து தூக்கி வந்தார்கள். அவனுடைய பை வழியில் தண்ணீரில் விழுந்து உள்ளேயெல்லாம் நனைந்திருந்தது; யாரிடமும் சொல்லாமல் ஈரத்தோடு சுருண்டு படுத்துவிட்டான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பெயரைக் கேட்டால் நாக்குக் குழறியது. ஈரத்தைக் களைந்து துடைத்தோம். உலர்ந்த துணிக்கு நான் திரும்பிப் பார்ப்பதற்குள், எட்டாம் வகுப்புப் பையன் தன் பையை அவிழ்த்துக் கம்பளிச் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்து நீட்டினான். தான் ஒரு ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்துவிட்டான். சிறுவனைப் போர்வைகளால் மூடி இருவருக்கு நடுவே படுக்க வைத்தோம். பேச்சுத் தெளிந்து, விழுங்கும் நிலைக்கு வந்தபின் வெல்லம் போட்ட வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். நள்ளிரவுக்குள் நடுக்கம் நின்றது. பொழுது விடிந்ததும் முகாமைக் கலைத்து, அவனை வைத்தியரிடம் காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்தத் துணி மாலை நாலு மணிக்கே நனைந்திருந்தால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இப்பொழுதும் வருஷந்தோறும் பெற்றோர்களுக்குச் சாமான் ஜாபிதா அனுப்புகிறேன். தட்டு, டம்ளர், டார்ச் இவற்றில் எதை மறந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். இரவுத் துணிக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போடுகிறேன். சில தாய்மார்கள் இரண்டு ஜோடியாகக் கட்டி அனுப்புகிறார்கள். சுமை அதிகம் என்று பையன்கள் முணுமுணுக்கிறார்கள். நான் ஆட்சேபிப்பதில்லை.