பத்துப் பேரில் எண்ணப்படாதவர்கள்

சித்தூர், பாலக்காடு மாவட்டம்
ஆகஸ்ட் 13, 2024

மட்டாஞ்சேரியில் குவீனி ஹலேகுவா காலமாகிவிட்டார், வயது 89. கொச்சியின் பரதேசி யூத (வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்) பெண்களில் கடைசியானவர் என்று செய்திகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் ‘கடைசி’ என்ற அடைமொழி அவர் சுமந்த வேலையை மறைத்துவிடுகிறது. தந்தை சாத்து கோடர் அந்தச் சமூகத்தின் தலைவர். 1968இல் அவர்களின் வழிபாட்டுத் தலமான பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழா நடந்தபோது முன்னின்றவர் அவர். பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியானது. கணவர் சாமுவேல் ஹலேகுவா நெடுங்காலம் பள்ளியின் வார்டன். அவர் 2009இல் மறைந்தார். பின்னாளில் நிர்வாக அறங்காவலர் பொறுப்பு குவீனியின் கைக்கே வந்தது. எங்கள் சித்தூருக்கு இது அயலூர்க் கதையல்ல. பழைய கொச்சி ராஜ்யத்தின் தாலுகா இது. மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்தில் யூதருக்கு இடம் தந்த அரச வம்சம்தான் தமிழ் பேசும் இந்த எல்லையையும் ஆண்டது. யூதத் தலைவருக்கு அரசர் தந்த பட்டமும் ‘முதலியார்’தான்.

யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். 1948க்குப் பிறகு கேரள யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர, மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேர் சேர்வதே அரிதாயிற்று. வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்தால்தான் எண்ணிக்கை நிறைந்தது. கணக்குப்படி அந்தச் சமூகம் அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், பள்ளியைத் தாங்கியது பத்து ஆண்கள் மட்டும் அல்ல. கணவனும் மனைவியுமாக நடத்திய வீடுகளும்தான். யூதர்களின் பெசஹா பண்டிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சி யூதர்கள் அந்த நாட்களிலும் அரிசி உண்பவர்கள். ஆகவே ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு பெண்கள் பெசஹா வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அரிசியை மணிமணியாகப் பொறுக்குவது, மிளகாயும் மசாலாவும் தனியே சுத்தம் செய்து மூடி வைப்பது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று மாதக்கணக்கில் நீளும் உழைப்பு அது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஃபோர்ட் கொச்சியின் கோடர் வீட்டுக் கதவை யாவருக்கும் திறந்து வைத்தவர்கள் சாத்து கோடரும் மனைவி கிளாடிஸும் சேர்ந்துதான். மலையாள யூதப் பாடல்களை நோட்டுகளில் எழுதி எழுதிக் கைமாற்றிக் காத்தவர்களும் பெண்களே. இதில் எதுவும் மின்யான் கணக்கில் வராது.

ஆகஸ்ட் 15

மறுப்புகள் உண்டு. கோடர்களும் ஹலேகுவாக்களும் செல்வந்தர்கள், வசதி இருந்ததால் தொண்டு செய்தார்கள் என்பது ஒன்று. வசதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உற்றார் உறவினர் ஒவ்வொருவராகக் கப்பலேறியபோது அதே வசதி இவர்களையும் கொண்டுபோயிருக்க முடியும். பள்ளியின் சாவியை வாங்கிக்கொண்டு நின்றது பணம் செய்த காரியமல்ல.

இன்னொரு மறுப்பு கனமானது. இதே பள்ளி விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களைச் சமமாக உட்காரவிடவில்லை. அவர்களுக்கு முன்பே இங்கிருந்த மலபாரி யூதர்களையும் தள்ளியே வைத்தது. சென்னையில் படித்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் உள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்துதான் அந்தத் தடையை அசைத்தார். அப்படிப்பட்ட இடத்துக்குச் செய்த சேவையை எப்படிப் புகழ்வது? புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதுதான் என் பதில். பெஞ்சு மறுக்கப்பட்ட பிறகும் சேலம் அந்தப் பள்ளியை விட்டுப் போகவில்லை. நிர்வாகம் செய்தவர்களின் தொண்டைவிட அவருடைய போராட்டம் அந்தப் பள்ளிக்குச் செய்த பெரிய தொண்டு என்றே நான் கருதுகிறேன்.

கட்டடத்தை அரசு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்குப் பறவூரும் சேந்தமங்கலமும் இருக்கின்றன. அந்த இரண்டு பள்ளிகளையும் அரசு அழகாகப் புதுப்பித்திருக்கிறது. இன்று அவை அருங்காட்சியகங்கள். சுவரும் மரவேலையும் பிழைத்தன, பழக்கம் பிழைக்கவில்லை. பழக்கத்தைக் காப்பவர் அதே மதத்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வழக்கறிஞர் ஜேக்கப் கோகனின் மனைவி சாரா கோகன் மட்டாஞ்சேரியில் பூத்தையல் கடை வைத்திருந்தார். 2019இல் 96 வயதில் அவர் மறையும் வரை அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம்.

ஆகஸ்ட் 18

பரதேசிப் பள்ளியின் பெருமைகளில் ஆண் பெயர்களே நிற்கின்றன. சீனத்து ஓடுகள் என்றால் அவற்றை வரவழைத்த எசக்கியேல் ரஹாபி. செப்பேடு என்றால் அதைப் பெற்ற யூதத் தலைவர் ஜோசப் ரப்பான். ஆனால் சுமார் கி.பி. 1000இல் அரசன் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் தந்த அந்தச் செப்பேட்டை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுத் தகுதியும் 72 உரிமைகளும் ரப்பானுக்கு மட்டும் தரப்படவில்லை. அவருடைய ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் உடன்பிறந்தார் மக்களுக்கும், பெண்களை மணந்த மருமகன்களுக்கும் உரியவை என்று அரசன் எழுதுவித்தான். மின்யானில் எண்ணப்படாத மகள், செப்பேட்டில் உரிமையாளர். ஒரு தலைவரின் மகளும் ஒரு வார்டனின் மனைவியுமான குவீனி நிர்வாகப் பொறுப்பை ஏற்றது ஆள் இல்லாமல் போனதால் கிடைத்த சலுகை அல்ல. அந்த ஏடு வகுத்த வழியிலேயே வந்தது. பள்ளியின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் சாமுவேல் ஹலேகுவாவின் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில், குவீனியின் பெயரையும் எழுத வேண்டும்.