முடுக்கு

மேலப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டை விற்பதற்காகச் சென்ற ஆண்டு தை மாதம் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். விலை பேசி முடித்து முன்பணமும் வாங்கியாயிற்று. பழைய பத்திரத்தின் நகல் கைக்கு வர நான்கு நாட்கள் ஆகும் என்றார் பத்திர எழுத்தர். அந்த நான்கு நாட்களை வீட்டில் உட்கார்ந்து கழிப்பது எளிதாக இல்லை. காரணம், அந்த வீட்டில்தான் லாத்தா குடியிருந்தாள்.

வாப்பா நெசவாளி. முன்னறையில் குழித்தறி ஒன்று இருந்தது. அந்த ஊரின் எத்தனையோ வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் தறியின் ஓசை நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. குழியை மண்ணிட்டு மூடிச் சிமெண்டு பூசிய இடம் மட்டும் தரையில் நீள்சதுரமாக நிறம் மாறித் தெரியும். லாத்தா அந்த இடத்தில் அமர்ந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். இருபது வயதில் ஏர்வாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், மச்சான் மவுத்தான பிறகு நாற்பத்திரண்டாவது வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். பிள்ளைகள் இல்லை. மார்க்கச் சட்டப்படி வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு அவளுக்கு. கணக்கில் தவறேதும் இல்லை. அவள் பங்கைக் கொடுத்துவிட்டு, என்னோடு சென்னைக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுளகில் இலையை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் காலை, காயல்பட்டினத்துக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அங்கே என் கல்லூரித் தோழன் ஒருவன் இருக்கிறான். பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். 1971இல் தொடங்கிய அக்கல்லூரிக்குப் பெயர் தந்த பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் காயல்பட்டினத்தில் பிறந்தவர் என்பதை அவன் அன்றைக்கு ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வான். முப்பது ஆண்டுகளாக ‘ஒருமுறை ஊருக்கு வா’ என்று அழைத்துக்கொண்டிருந்தான். திருச்செந்தூர்ப் பாதையில் எத்தனையோ முறை போயிருந்தும் நான் அங்கே இறங்கியதில்லை.

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து கிளம்பும் அந்த ரயில்பாதை 1923இல் திறக்கப்பட்டது. செய்துங்கநல்லூரைத் தாண்டினால் வயலும் வாழையும். தாமிரபரணி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அதன் ஈரம் தெரிந்துகொண்டே வரும். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. அம்மாதம் 17ஆம் தேதி இரவு, சென்னை நோக்கி வந்த செந்தூர் விரைவு வண்டி சுமார் 800 பயணிகளோடு இங்கேதான் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். அதே இரவிலும் மறுநாள் இரவிலும் லாத்தா மேலப்பாளையம் வீட்டின் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாளையங்கால்வாய் பெருகித் தறிக்குழி இருந்த அறைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். நான் சென்னையில் கைபேசியை வைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த அவள் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தேன்.

காயல்பட்டினம் நிலையத்தில் தோழன் காத்திருந்தான். வண்டி பிடிக்கலாம் என்றேன். “இந்த ஊர்ல நடக்கத்தான் வேணும் மாப்ளே, இல்லாட்டி ஊர் தெரியாது” என்றான். நடந்தோம்.

பழைய துறைமுகங்களின் தெருக்களில் நடப்பது எனக்குப் பிடித்தமான காரியம். தரங்கம்பாடியில் 1620இல் டேனியர்கள் எழுப்பிய கோட்டையருகே நடந்திருக்கிறேன், புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களிலும் நடந்திருக்கிறேன். அங்கெல்லாம் யாரோ ஓர் அதிகாரி மேசையில் தாளை விரித்துக் கோடு போட்டு ஊரை அமைத்தது தெரியும். காயல்பட்டினத்தில் அப்படி ஒரு கோடு தெரியவில்லை. கூலக்கடை பஜார், கொச்சியார் தெரு, சதுக்கைத் தெரு, பெரிய நெசவுத் தெரு என்று பெயர்களே ஒரு வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தன. நெசவுத் தெரு என்ற பெயரைக் கேட்டதும் வாப்பாவின் நினைவு வந்தது.

1292ஐ ஒட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ‘காயில்’ என்ற துறைமுகத்தில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் கப்பல்கள் குதிரைகளை இறக்கியதை எழுதியிருக்கிறார். அந்தக் காயல் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினத்துக்காரர்களிடம் அதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தோழனும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியாயினும், கொற்கையையும் பழையகாயலையும் கடலிலிருந்து பிரித்து உள்நாட்டு ஊர்களாக்கியது தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் ஆறு இங்கே வந்து துறைமுகங்களையே இடம் மாற்றியிருக்கிறது.

பெரிய குத்பா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்துவிட்டு வரும்போது, இரண்டு வீடுகளுக்கு நடுவே நிழலடர்ந்த குறுகலான சந்து ஒன்று தெரிந்தது. வெயிலுக்கு இதமாக இருக்குமே என்று அதற்குள் காலெடுத்து வைத்தேன். தோழன் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

“அது பொம்பளைங்க போற முடுக்கு. நாம தெருவழியாப் போவோம்.”

அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். வீடுகளின் முகப்பு தெருவைப் பார்த்திருக்கிறது. அந்த வாசல் ஆண்களுக்கானது. வீட்டின் மறுபக்கம் முடுக்கில் திறக்கிறது. பெண்கள் அதன் வழியே இன்னொரு வீட்டுக்கும், அங்கிருந்து அடுத்த முடுக்குக்கும் போகிறார்கள். நான் தெருத்தெருவாக நடந்து பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குள், நான் நடக்க முடியாத இன்னோர் ஊர் இருந்தது.

இதைப் பெண்களை மறைத்துவைக்கும் ஏற்பாடு என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். மறைத்துவைப்பதும் அதில் உண்டு. ஆனால் அன்று பகலுணவின்போது தோழன் சொன்னது வேறொன்றையும் காட்டியது. சஹனில் நெய்ச்சோறு வந்திருந்தது. உள்ளேயிருந்து தம்மடை ஒரு தட்டில் வந்தது. “வீடு நன்றாக இருக்கிறது” என்றேன். “என் வீடு இல்லை, பெண்டாட்டி வீடு” என்று சிரித்தான். “என் வீடுன்னு இந்த ஊர்ல எனக்கு ஒண்ணும் கிடையாது. இன்னைக்கும் காலையில பசியாற உம்மா வீட்டுக்குத்தான் போறேன். அந்த வீடும் தங்கச்சிக்குப் போயிடுச்சு.”

காயல்பட்டினத்தில் மணமான பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறான். மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்கப்படுகிறது. பெற்றோர் தங்கள் வீட்டையே பகுத்தோ, பக்கத்தில் புதிதாகக் கட்டியோ கொடுக்கிறார்கள். ஆகவே உம்மாவின் வீடு, லாத்தாவின் வீடு, சாச்சியின் வீடு எல்லாம் கூப்பிடு தூரத்தில் அமைந்துவிடுகின்றன. முடுக்கு அந்த வீடுகளைக் கோக்கும் நூல். பெண்கள் ஊரைவிட்டுப் போகாததால்தான் அப்படி ஒரு பாதை உண்டாகி நிலைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அன்று இரவு அவனுடைய மாமியாரை, தாழ்வான வீட்டிலிருந்து மேடான வீட்டுக்கு, இடையிலிருந்த மூன்று வீடுகளின் உட்கதவுகள் வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்களாம். தெருவில் இறங்கவே இல்லையாம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த லாத்தா நினைவுக்கு வந்தாள். அதற்கும் முந்திய ஒரு நாளும் நினைவுக்கு வந்தது. உம்மா நோயில் கிடந்தபோது லாத்தா ஏர்வாடியிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தாள். அவள் வந்தபோது உம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் இட்டாயிற்று. அடுத்த முடுக்கில் குடியிருந்திருந்தால் நான்கு நிமிடத்தில் வந்திருப்பாள்.

என் முகத்தைப் பார்த்துத் தோழனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். “ரொம்பவும் பொறாமைப்படாதே” என்றான். மூன்று சகோதரிகளுக்கு வீடு கொடுத்து முடிப்பதற்காக அவன் பதினெட்டு ஆண்டுகள் ஹாங்காங்கில் வேலை பார்த்திருக்கிறான். அவன் வாப்பா அதற்கு முன்பு கொழும்பில் இருந்தார். வீடு கொடுக்க வழியில்லாத குடும்பங்களில் பெண்கள் காத்திருக்கிறார்கள். பகுத்துப் பகுத்து வீடுகள் ஒற்றை அறை அகலத்துக்குக் குறுகிவிட்டன. “என் மகளுக்கு இந்த முடுக்கே பிடிக்காது. ஸ்கூட்டியில மெயின் ரோட்டுலதான் போவா” என்றான். மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது, அவள் தோழிகளோடு சற்றுத் தள்ளி நடந்து போவதைக் காட்டினான். அவள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

எந்த ஏற்பாடும் யாரோ ஒருவருடைய உழைப்பின் மீதுதான் நிற்கிறது. அங்கே சகோதரனின் பதினெட்டு ஆண்டுகள். எங்கள் வீட்டில்? வாப்பாவின் கடைசி ஐந்து ஆண்டுகளில் அவருக்கு மலசலம் எடுத்தவள் லாத்தா. அந்தப் பீடிக் கூலியில்தான் வீட்டுவரியும் மின்கட்டணமும் கட்டப்பட்டன. பங்கு பிரிக்கும் கணக்கில் நான் இதை எங்குமே எழுதியிருக்கவில்லை. சட்டம் என் பங்கைச் சொல்லியிருந்தது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. மார்க்கத்தில் ஹிபா என்ற கொடைக்கு இடமிருப்பது எனக்குத் தெரியாததல்ல.

கடைசி வண்டியில் திரும்பினேன். மேலப்பாளையம் வந்து சேர்ந்தபோது தெரு அடங்கியிருந்தது. லாத்தா விழித்திருந்தாள். வீட்டை விற்கவில்லை, என் பங்கையும் உனக்கே தந்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது என்பதையும், அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவள் அழவில்லை. கட்டிய பீடிக் கட்டுகளை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வாயால சொன்னா போதாது தம்பி. எழுதித் தா.”

பிறகு காயல்பட்டினத்தைப் பற்றிக் கேட்டாள். முடுக்குகளைப் பற்றி விரிவாகச் சொன்னேன்.

“நீ அதுக்குள்ள போய்ப் பாத்தியா?”

“ஆம்பளைங்க போகக்கூடாது லாத்தா.”

“அப்போ உனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பணத்தை நம்பிச் சென்னையில் ஒரு குடியிருப்புக்குத் திட்டமிட்டிருந்த என் மனைவி இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மறுமாதம் பத்திரம் பதிவாயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் லாத்தா தன் பெயரைக் கண்ணாடி அணிந்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே கைநாட்டு வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

வருகிற விடுமுறையில் அவளைக் காயல்பட்டினத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரின் பாதியை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். மீதியை அவள் நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.