குறிகட்டுவானுக்குச் சைக்கிளில்: கோடும் குறியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லை. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எனப் பனைகளுக்கிடையே வீதி போகும். பின்னர் புங்குடுதீவுக்குப் போகக் கடலின் நடுவே மீண்டும் ஒரு நீண்ட தாம்போதி. வழி தவறிப் போக இடமேயில்லை. அப்படியிருக்க வரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகிற பெண்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அது சோளகக் காற்றுக் காலம். போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். தாம்போதியில் ஒதுங்க ஒரு மர நிழலும் கிடையாது. தீவுப்பகுதியில் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் எங்கே, ஒட்டுப் போடும் கடை எங்கே, உள்ளே கொண்டியுள்ள மலசலகூடம் எங்கே என்பதுதான் எங்களுக்குத் தேவையான வரைபடம். ஆண்கள் அனுப்பும் வழிக்கோப்புகளில் பெரும்பாலும் கோடு மட்டுமே இருக்கும்!

முதலில் போய்வந்த பெண்கள் இந்த இடங்களைக் கைத்தொலைபேசியில் குறித்துவைத்து, அடுத்த குழுவுக்குக் கொடுக்கலாம். இதற்கு 2002இல் அறிமுகமான ஜி.பி.எக்ஸ். என்ற கோப்புவகை உதவும். ஒரே கோப்பில் பயணித்த தடத்தையும் தனித்தனி இடக்குறிகளையும் அது தாங்கும். ஆனால் இரண்டும் வெவ்வேறு பகுதிகள். ஒஸ்மாண்ட் செயலியில் 'விருப்ப இடம்' என்று சேமிப்பவை தனிக் கோப்பில் இருக்கும். தடத்தை அனுப்பும்போது அவை கூடப் போகா. தடத்தைத் திறந்து, அதிலேயே வழிப்புள்ளியாகச் சேர்க்க வேண்டும். கூகுள் மை மேப்ஸில் குறித்தவை கே.எம்.எல். வகையாகவே வெளிவரும்; அவற்றை ஜி.பி.எக்ஸ். ஆக மாற்ற வேண்டும். சைக்கிளில் பூட்டும் சிறு கருவிகள் சிலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியும், நீண்ட பெயரும் வெட்டுப்படும். குறிக்குப் பெயர் சின்னதாக இருக்கட்டும்.

அனுப்பும் முன் இன்னொருவரின் தொலைபேசியில் திறந்து, குறிகளை எண்ணிப் பாருங்கள். ஜி.பி.எக்ஸ். சாதாரண எழுத்துக் கோப்புத்தான். கணினியில் எழுத்துச் செயலியில் திறந்து டபிள்யூ.பி.ரி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடினால் ஒவ்வொரு குறியும் அகப்படும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், என் கணிப்பில் அதுவே முக்கியம். பதிவு செய்த தடம் உங்கள் வீட்டுப் படலையிலிருந்து தொடங்கும். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தனியாக வசிக்கும் ஒரு பெண்ணின் கோப்பு நான்கு கை மாறி யாரிடம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே தடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி, பண்ணையிலிருந்து தொடங்குமாறு வையுங்கள். நேர விபரத்தை நீக்குங்கள். 'வீடு', 'அக்கா வீடு' என்ற குறிகள் இருந்தால் அவற்றையும் அழியுங்கள்.

தண்ணீர்க் குறியில் பார்த்த மாதத்தையும் எழுதுங்கள். மாரியில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு ஆனியில் உவர்க்கலாம்.