140 செ.மீ.க்குக் கீழே ஒரு விடுமுறை

வண்ணம் பூசிய அளவுகோலுக்கு எதிரே ஆறு வயதுச் சிறுமி விறைப்பாக நிற்கிறாள். செருப்புக்குள் குதிகால் மெல்ல உயர்கிறது. சீருடை அணிந்த இளைஞர் அதைக் கவனித்துவிட்டுச் சிரிக்கிறார். குதிகால் இறங்குகிறது. 116 செ.மீ. ஏறுவதற்குத் தேவையான உயரம் 140. மேலே இரும்புத் தண்டவாளத்தில் ஒரு வண்டி தலைகீழாகச் சுழன்று போகிறது. அலறல் மட்டும் கீழே வந்து விழுகிறது. "நானும் டிக்கெட் வாங்கித்தானே வந்தேன்?" என்று அவள் அப்பாவைக் கேட்கிறாள். நியாயமான கேள்வி. அப்பாவிடம் பதில் இல்லை.

பெங்களூருவிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 28 கி.மீ. தொலைவில், பிடதி அருகே 2005இல் திறக்கப்பட்டது வொண்டர்லா பூங்கா. 82 ஏக்கர். இங்கே குழந்தைக்கான கட்டணத்தை வயது தீர்மானிப்பதில்லை; உயரம்தான் தீர்மானிக்கிறது. 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம். 85 முதல் 140 வரை குழந்தை. அந்த 140தான் மிக வேகமான சவாரிகள் பலவற்றுக்கும் வாசற்படி. ஆக, குழந்தைக் கட்டணம் செலுத்தும் எவரும் விளம்பரப் பலகையில் பெரிதாகத் தெரியும் அந்த ராட்சத வண்டிகளில் ஏற முடியாது. இதில் மோசடி ஏதும் இல்லை. இடுப்பை அழுத்திப் பிடிக்கும் கம்பி சிறு உடலுக்குப் பொருந்தாது என்பதுதான் காரணம். ஆனால் சேலத்திலிருந்து ரயிலேறும் முன் இதை யாராவது வீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். அப்பா, அம்மா, ஆறு வயது மகள், மூன்று வயது மகன், மூட்டு வலியுள்ள பாட்டி. ஆண்டுக்கு ஒரு முறை வாய்க்கும் நான்கு நாள் விடுப்பு. அதைச் செலவிட இந்தியாவில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைச் சின்னத்தின் பெயரைத் தாங்கி, 1984இல் டெல்லி பிரகதி மைதானத்தில் பிறந்த அப்பு கர் ஒரு தலைமுறையின் ஞாபகம். 2008இல் அது மூடப்பட்டது. 1989இல் மும்பை கோராயில் தொடங்கிய எஸ்ஸெல் வேர்ல்டுக்குப் படகில் போவதே பாதிக் குதூகலம். 2022இல் அதுவும் கதவடைத்தது. கொல்கத்தா சால்ட் லேக்கில் நிக்கோ பார்க் 1991 முதல் தாக்குப்பிடிக்கிறது. கொச்சியில் 2000இல் வீகாலாந்து என்ற பெயரில் ஆரம்பித்ததுதான் பிற்பாடு வொண்டர்லா ஆனது.

தென்னிந்தியக் குடும்பம் ஒன்று உண்மையில் எடை போட்டுப் பார்ப்பது மூன்று பெயர்களைத்தான்: பிடதி, ஹைதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டி, மும்பை–புணே விரைவுச் சாலையை ஒட்டி கோபோலியில் 2013இல் வந்த இமாஜிகா. இமாஜிகாவில் கூரைக்குள் நடக்கும் காட்சிகள் சிறுசுகளுக்கு ஏற்றவை. ஆனால் தூரம் அதிகம்; ஜூன் பிறந்துவிட்டால் அந்த மலையடிவாரத்தில் மழை விடாது. 1996இல் திறந்த ராமோஜி, உலகின் மிகப் பெரிய திரைப்பட வளாகம் என்று கின்னஸில் இடம் பெற்றது. 1,666 ஏக்கரையும் நடந்து பார்க்க முடியாது என்பதால் பேருந்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். பாட்டிக்கு அதுவே சொர்க்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ரயில் நிலையம், கோயில், அரண்மனை எல்லாம் வந்து போகும். மூன்று வயதுப் பையனுக்கோ அட்டைக் கோபுரமும் கல் கோபுரமும் ஒன்றுதான். அரை மணியில் இறங்க வேண்டும் என்பான். தவிர, ஹைதராபாத்தின் மே மாத வெயில் பெரியவர்களையே சாய்த்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரு வட்டாரம் அந்த வகையில் கருணை உள்ளது.

பிடதியைத் தேர்ந்தெடுத்தது சரிதான். தவறியது நாள். அவர்கள் வந்தது மே மாதத்தின் ஒரு சனிக்கிழமை. கர்நாடகப் பள்ளிகளுக்கும் விடுமுறை, தமிழகப் பள்ளிகளுக்கும் விடுமுறை, பெங்களூருவின் கணினி நிறுவனங்களுக்கு வாராந்திர விடுமுறை. மூன்று வெள்ளங்களும் ஒரே வாசலில் கலந்தன. கூடுதல் கட்டணம் செலுத்தியவர்களுக்கென்று விரைவு வரிசை இருக்கிறது. ஆனால் ஏற முடியாத சவாரிக்கு விரைவாகப் போய் என்ன பயன்? கர்நாடகத்தில் பள்ளிகள் பெரும்பாலும் மே மாதக் கடைசியிலேயே திறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலோ வெயிலைக் காரணம் காட்டித் தள்ளிப்போவது உண்டு. 2024இல் ஜூன் 10ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் வரும் ஒரு செவ்வாயோ புதனோ சேலத்துக் குடும்பத்துக்குப் பொன்னான நாள். முன்பதிவு செய்யும்போது எவரும் பக்கத்து மாநிலத்தின் பள்ளி நாட்காட்டியைப் பார்ப்பதில்லை.

பகல் பன்னிரண்டரைக்குள் குடும்பம் இரண்டாக உடைந்திருந்தது. அப்பாவுக்குப் பெரிய சவாரி மேல் ஆசை, மகளுக்கு அழுகை, பையன் அம்மாவின் தோளில். "அத்தை, நீங்க இந்த மரத்தடியிலேயே உட்காருங்க, நாங்க வந்துடறோம்" என்றாள் மருமகள். பாட்டி உட்கார்ந்தார். பைகள் அவரைச் சுற்றி அமர்ந்தன. இப்படிப் பை காக்கும் பாட்டிகள் பூங்காவின் ஒவ்வொரு மரத்தடியிலும் உண்டு. அவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு என்பதுதான் கொடுமை.

நீர் விளையாட்டுக்கு நைலான் போன்ற செயற்கை இழை உடை வேண்டும். பருத்தியும் புடவையும் குளத்துக்குள் ஆகாது. அம்மா கொண்டுவந்திருந்தது பருத்திச் சுரிதார். பூங்காக் கடையில் உடை கிடைக்கிறது. பணப்பை இன்னொரு முறை திறந்தது. வெளியிலிருந்து கொண்டுவரும் உணவுக்கும் அனுமதி இல்லை. வாசலில் திரும்பிப்போன புளியோதரையின் துக்கம் பாட்டிக்கு மாலைவரை தீரவில்லை.

ஆனால் பிற்பகலில் நாள் தானாகவே சரியாயிற்று. குழந்தைகளுக்கான ஆழமற்ற நீர்த்தடத்தில் இறங்கிய மகள், பிறகு அளவுகோலை நினைக்கவே இல்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர், ஒரு சிறு சறுக்கு, தலைமேல் கொட்டும் ஒரு வாளி. அதே சறுக்கில் இருபது தடவை. பையன் தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தான். பெரியவர்கள் 'எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்' என்று நினைக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் விடுமுறை. இரண்டு மணிக்குப் பையன் சொக்கிப்போனான். பூங்காவை ஒட்டியே 2012இல் வந்த தங்கும் விடுதி இருக்கிறது. ராமோஜியில் வளாகத்துக்குள்ளேயே உண்டு. வாடகை கூடுதல்தான். நடுப்பகலில் குழந்தையை ஒரு மணி நேரம் கட்டிலில் கிடத்த முடியும் என்றால், பிற செலவுகளைக் குறைத்தாவது அதற்குக் கொடுக்கலாம். சேலத்துப் பையன் பாட்டியின் மடியில், பைகளுக்கு நடுவே தூங்கினான்.

தூங்காமல் இருக்க வேண்டியவர்கள் நிர்வாகத்தினர். 2019 ஜூலையில் அகமதாபாத் கங்காரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் முறிந்து உயிர்கள் போயின. 2024 மே மாதம் ராஜ்கோட்டின் கூரை வேய்ந்த விளையாட்டுக் கூடமொன்றில் பற்றிய தீ 27 பேரைக் கொன்றது; அவர்களில் குழந்தைகளும் உண்டு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அது இயங்கிவந்தது. உரிமத்தைப் பெற்றோர் கேட்டுப் பார்க்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பணியாளர் கம்பியை இழுத்துப் பார்க்கிறாரா, குளத்தின் ஓரத்தில் காவலர் தண்ணீரைப் பார்க்கிறாரா, கைபேசியைப் பார்க்கிறாரா. அளவுகோலில் கண்டிப்பாக நின்ற அந்த இளைஞரை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் கோபம் வராது.

மறுநாள் திட்டத்தில் எதுவும் இல்லை. அதுவே நல்லதாயிற்று. 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டுப் பறக்கிறது. தட்டே இட்லிக்குப் பேர்போன பிடதிக் கடைகளுக்கும், சென்னபட்டணத்து மரப்பொம்மைக் கடைகளுக்கும் அதனால் கூட்டம் குறைந்துவிட்டது. வாடகைக் கார்காரர் பழைய சாலையைப் பிடித்தார். தட்டு அகலத்துக்கு வெந்த இட்லி, மேலே வெண்ணெய். 'ஷோலே' எடுத்த ராமநகரப் பாறைகளைக் காட்டி அப்பா கதை சொல்லத் தொடங்கினார், கேட்பாரில்லை.

சென்னபட்டணத்தில் ஒரு சிறு பட்டறை. வெட்பாலை மரக்கட்டை கடைசல் இயந்திரத்தில் சுழல்கிறது. கைவினைஞர் அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்த, சூட்டில் உருகிய மஞ்சள் நிறம் மரத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. தாழை மடல் ஒன்றை வைத்துத் தேய்க்க மினுமினுப்பு வருகிறது. இரண்டு குழந்தைகளும் வாய் திறந்து நின்றார்கள். பாட்டிக்கு ஒரு நாற்காலி வந்தது. அன்றைக்கு அவர் மடியில் பை எதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பையன் தன் கையால் ஒரு பம்பரத்தையும், மகள் ஒரு சின்ன ரயிலையும் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும் நேரத்தில் அவள் கைவினைஞரிடம் கேட்டாள்: "இந்த ரயில்ல ஏற எவ்வளவு உயரம் இருக்கணும்?"

அவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துவிட்டு அடுத்த கட்டையைச் சுழலவிட்டார்.