நகரபிதாவின் பொறுப்பு

மாநகர சபைத் தலைவரை ‘முதல்வர்’ என்பர். ‘மேயர்’ என்பாரும் உளர். எனினும், ‘நகரபிதா’ என்று வழங்கும் சொல்லிலே ஒரு தனிச் சிறப்பு உண்டு. மேயர் என்பது ‘பெரியவர்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. பெரியவராய் இருத்தல் பெருமை. தந்தையாய் இருத்தலோ கடமை.

அக்கடமைதான் யாது? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றைப் பேணுதலும், மக்களின் வசதியையும் நலனையும் வளர்த்தலும் சபையின் பணி என்கிறது 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். சபையின் நிறைவேற்றுத் தலைவர் முதல்வரே. பொலிசும் நீதிமன்றமும் பாடசாலையும் அவர் கையில் இல்லை. ஆனால் குப்பை அகற்றல், வடிகான், தெருவிளக்கு, சந்தை, மயானம் ஆகியவை சபையின் கையில் உள்ளன. இவற்றைச் சிறு காரியங்கள் என்று எண்ணுவோர், ஒரு மாரிகாலம் அடைபட்ட கானருகே குடியிருந்து பார்த்தல் வேண்டும்!

கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. ஆயினும், அதன் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயரைக் காண 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் இரத்தினஜோதி சரவணமுத்து என்னும் தமிழ் மருத்துவர். பல இனத்தவர் வாழும் தலைநகருக்குத் தமிழரொருவர் நகரபிதாவானார் என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தியாகும்.

நமது கல்முனைக்கு வருவோம். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய நிலம். மருதமுனை, பெரிய நீலாவணை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊரோடு ஊர் தோள்சேர்ந்து நிற்கின்றன. ஓரூரில் பாங்கொலி, அடுத்த ஊரில் கோயில் மணி. 1987 வரை நான்கு சபைகளின் கீழிருந்த இப்பகுதி, 2001 இல் ஒரே மாநகர சபையாயிற்று. எனினும் எல்லைகளைப் பற்றிய பிணக்குகள் ஓய்ந்தபாடில்லை. முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் இடையே மட்டுமன்றி, முஸ்லிம் ஊர்களுக்குள்ளேயும் தனிச்சபைக் கோரிக்கை எழுந்தமை யாவரும் அறிந்ததே.

இக்கோரிக்கைகளின் நியாயங்களை நிறுத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. எல்லை எங்கே வரையப்படினும், அதற்குள் வேறோர் இனத்தவரோ வேறோர் ஊரவரோ இருக்கத்தான் செய்வர். கானிலோடும் நீர் எல்லையறியாது; நுளம்பு இனமறியாது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த கடலும் ஊர் பார்த்து வரவில்லை. தனக்கு வாக்களியாத வட்டாரத்தின் விளக்கு முதலில் எரிகிறதா என்று பார்ப்பவரே நகரபிதா. தந்தைக்குப் பிள்ளைகளுள் வேண்டியவர், வேண்டாதவர் உண்டோ?

2018 இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. 2025 மே 6 இல் நாடெங்கும் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனையில் அது நடைபெறவில்லை. சபை இல்லாத காலத்தில் ஆணையாளர் நிர்வாகத்தை நடத்துவார். குப்பை வண்டி ஓடும்; சோலைவரியும் அறவிடப்படும். ஆனால், “எங்கள் தெருவை ஏன் மறந்தீர்?” என்று கேட்டு, விடை பிடிக்காவிடில் அடுத்த தேர்தலில் மாற்றிவிடும் உரிமை மக்களுக்கு அப்போது இராது. அதிகாரி மேலிடத்துக்குப் பதில் சொல்பவர்; நகரபிதாவோ தெருவுக்குப் பதில் சொல்பவர். இவ்வேறுபாட்டிலேதான் மக்களாட்சி தங்கியுள்ளது.

மாணவ மணிகளே! சபையின் வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்குரியது. அதனைப் படியுங்கள். உங்கள் தெருவுக்கு என்ன ஒதுக்கப்பட்டதென்று தேடுங்கள். அடுத்த ஊரின் தெருவுக்கும் சேர்த்தே தேடுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தந்தை கடமை தவறுவது கடினம்.